மூச்சை அளந்த ஜான் டிண்டால்

நோயுற்றோருடைய மூச்சின் நாற்றத்தைக் கொண்டு நோயை ஊகித்தல் பண்டைக்கால முதல் வைத்தியர் கையாண்டுவந்த முறையாகும். புண்களில் வளரும் ஒருவகைக் கிருமி திராட்சை போன்றதொரு மணத்தை எழுப்புவதை இக்காலத்து மருத்துவரும் அறிவர். ஆயின், மூக்கினால் அறிவது ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதற்கு அளவுகோலும் இல்லை. மணத்தையும் மூச்சையும் கருவி கொண்டு அளக்கலாமென்று காட்டியவர் ஜான் டிண்டால். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

இவர் 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி அயர்லாந்து தேசத்துக் கார்லோ ஜில்லாவில் பிறந்தார். தந்தையார் போலீஸ் சேவகர், செல்வமுடையவரல்லர். டிண்டால் இளமையில் நில அளவை இலாகாவிலும், பின்னர் இருப்புப்பாதை அளவையிலும் உழைத்தார். 1848-ல் தம் கைப்பொருளைக் கொண்டு ஜெர்மனி சென்று, மார்பர்க் சர்வகலாசாலையில் புன்சனிடம் ரசாயனம் பயின்று, 1850-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1853-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பௌதிக ஆசிரியராக அமர்ந்து, மைக்கேல் பாரடேயின் உற்ற நண்பரானார்.

1859-ல் இவர் வாயுக்களை ஆராயத் தொடங்கினார். நீண்டதொரு பித்தளைக் குழாயின் இரு முனைகளையும் இந்துப்புத் தகட்டால் அடைத்தார். வெப்பக் கதிர்கள் கண்ணாடியிற் போலன்றி இந்துப்பில் தடையின்றிப் புகும். பிராணவாயுவும் நைட்ரஜனும் அக்கதிர்களைப் பெரும்பாலும் விட்டுவிட, நீராவியும் கரியமிலவாயுவும் அவற்றை உட்கொள்வதைக் கண்டார். ரோஜா, லவெண்டர் முதலியவற்றின் மணங்கலந்த காற்றைப் புகுத்தியபோது, மிகச் சிறிதளவான அம்மணமும் வெறுங்காற்றினும் பன்மடங்கு கதிரை உண்டது. கார்பன் மோனாக்சைடு எரியும் சுடரின் கதிர்களைக் கரியமிலவாயு மிகுதியாக உட்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, மனிதர் மூச்சிலுள்ள அவ்வாயுவையும் இவர் அளந்தார்.

1870-ஆம் ஆண்டு தொடங்கி இவர் கருத்து நுண்கிருமிகளின்பாற் சென்றது. தூசு நீங்கிய பெட்டியில் வைத்த இறைச்சிச்சாறு மாதக்கணக்கில் அழுகாதிருத்தலைக் காட்டி, கிருமிகள் தாமே தோன்றுவனவல்ல என்னும் பாஸ்டர் கொள்கைக்குத் துணைநின்றார். உலர்புல் ஊறிய நீரிலுள்ள கிருமி வித்துக்களோ நெடுநேரம் கொதித்தும் மாளவில்லை. இவர்தம் சோதனைகள் பல பழுதாயின. எனினும் இவர் சோர்வுறாது, இடைவிட்டுப் பன்முறை சிறிது நேரம் காய்ச்சும் முறையை 1877-ல் கண்டறிந்தார். இம்முறை இவர் பெயராலேயே வழங்குகின்றது. 1882-ல் காக் என்பார் க்ஷயரோகக் கிருமியைக் கண்டபோது, அச்செய்தியை ஆங்கில மக்களுக்குப் பத்திரிகை வாயிலாக விளக்கியவரும் இவரே. 1893 டிசம்பர் 4-ஆம் தேதி, மருந்து மாறிக் கொடுக்கப்பட்டதனால் உயிர்நீத்தார்.

மூச்சை அளக்கும் கலையும் கிருமியைப் பற்றிய அறிவும் ஒருவரிடத்தே இருந்தும், அவ்விரண்டும் அவர் காலத்தில் ஒன்றுசேரவில்லை. 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்னும் இருவர் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டனர். அதனைக் கண்டறிய, எடை மிகுந்த கார்பன்-13 அமைந்த யூரியாவை நோயாளிக்குப் பருகத் தருவர். கிருமி இருப்பின் அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாகவும் கரியமிலவாயுவாகவும் ஆக்கும். அக்கரியமிலவாயு இரத்தத்திற் கலந்து மூச்சில் வெளிப்படும். அதனை வெப்பக் கதிராலும் அளந்தறிவர். டிண்டால் குழாயிற் கண்ட நெறியே இது. வயிற்றுக்குள் குழாய் செலுத்தும் துன்பம் பலருக்கு இதனால் நீங்கிற்று. க்ஷயம் முதலிய பிற நோய்களையும் இவ்வாறு மூச்சினால் அறிய முயற்சிகள் நடைபெறுகின்றன.

பௌதிகம் பயில்வோர் உயிர்நூலையும், உயிர்நூல் பயில்வோர் பௌதிகத்தையும் அயலெனக் கருதி ஒதுக்காதிருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாற்றால் நாம் அறிகின்றோம்.