கரவொலிக்கு அப்பால்: ஜெஸ்ஸி ஓவன்ஸ்

மக்கள் கூட்டத்தின் ஆரவாரம் யாருடைய கட்டளைக்கும் காத்திருப்பதில்லை. கண்ணெதிரே ஒரு வியத்தகு செயல் நிகழும்போது அது தானே எழுகிறது. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. வெற்றியாளரைத் திறந்த வாகனத்தில் அமர்த்தி, வானளாவிய கட்டடங்களின் சாளரங்களிலிருந்து காகிதத் துண்டுகளை மழையெனப் பொழிந்து வரவேற்பது நியூயார்க் நகரத்தின் நெடுநாள் மரபு. அந்த வரவேற்பின் உச்சத்தையும், அது ஓய்ந்த பின் சூழும் வெறுமையையும் ஒருசேர அறிந்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். ஓட்டக்களத்தில் அவர் நிகழ்த்திய அருஞ்செயல்களை உலகம் அறியும். கரவொலி ஓய்ந்த பின் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்த வாழ்வும் அறியத்தக்கதே.

பருத்தி நிலத்துப் பிள்ளை

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் ஓக்வில் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் கடைக்குட்டி. பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். தந்தையார் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். நோஞ்சான் பிள்ளையாக வளர்ந்த அவருக்கு மார்பில் சளிநோய் அடிக்கடி வந்தது. ஏழு வயதிலேயே பருத்தி பறிக்கச் சென்றார் என்பர்.

ஒன்பது வயதில் குடும்பம் வடக்கே ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. தென்மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து விடுபட இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்த காலம் அது. புதிய பள்ளியில் ஆசிரியை பெயர் கேட்டபோது, ஜேம்ஸ் கிளீவ்லாந்து என்னும் தம் பெயரின் முதலெழுத்துகளான ஜே. சி. என்பதைச் சிறுவன் சொன்னான். தெற்கத்திய உச்சரிப்புப் பிடிபடாத ஆசிரியை ஜெஸ்ஸி என்று எழுதிக்கொண்டார். திருத்தத் துணியாத பிள்ளையின் கூச்சம், பின்னர் உலகமே முழங்கிய ஒரு பெயரைத் தந்தது.

அங்கே சார்லஸ் ரைலி என்னும் பயிற்சியாளர் அவருடைய கால்களின் ஆற்றலைக் கண்டுகொண்டார். பள்ளி முடிந்த பின் வேலைக்குச் செல்ல வேண்டிய ஏழைச் சிறுவனுக்காக, விடியற்காலையிலேயே பயிற்சி அளித்தார். 1933இல் சிகாகோவில் நடைபெற்ற பள்ளி மாணவர் தேசியப் போட்டியில் 100 கெஜ தூரத்தை 9.4 விநாடிகளில் ஓடி, அந்நாளைய உலகச் சாதனையை ஓவன்ஸ் சமன்செய்தார்.

நாற்பத்தைந்து நிமிடங்கள்

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தபோது விளையாட்டுக்கென உதவித்தொகை ஏதும் கிடைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்கும் வேலை பார்த்தே படித்தார். வளாக விடுதியில் அவருக்கு இடமில்லை. கறுப்பின வீரர்களுடன் வெளியே தங்கினார். வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்கையில் வெள்ளையர் உணவகங்களில் உண்ணவும், வெள்ளையர் விடுதிகளில் உறங்கவும் இயலாது. கூட்டத்தின் கரவொலியைப் பெற்ற அன்றைக்கே பொட்டலச் சோற்றுக்குக் காத்திருக்கும் நிலை. அந்நிலையிலும் அவரே அணித்தலைவரானார். அப்பல்கலைக்கழக அணியொன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

1935ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி. சில நாள்களுக்கு முன் கீழே விழுந்ததில் முதுகில் அடிபட்டிருந்தது. குனிந்து நிமிரவே வலி. ஆயினும் களமிறங்கினார். 100 கெஜ ஓட்டத்தில் உலகச் சாதனையைச் சமன்செய்தார். நீளம் தாண்டுதலில் ஒரே ஒருமுறை தாண்டினார். 26 அடி 8¼ அங்குலம், அதாவது 8.13 மீட்டர். அந்தச் சாதனை 1960ஆம் ஆண்டு வரை இருபத்தைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது. பின்னர் 220 கெஜ ஓட்டத்தை 20.3 விநாடிகளிலும், 220 கெஜத் தடை தாண்டும் ஓட்டத்தை 22.6 விநாடிகளிலும் முடித்தார். மூன்று உலகச் சாதனைகள். நான்காவது ஒன்று சமன். இவை அனைத்தும் நாற்பத்தைந்து நிமிடங்களில் நிகழ்ந்தன. தடகள வரலாற்றில் ஒரே பிற்பகலில் இத்துணைப் பெருஞ்செயல் வேறொன்று இல்லை எனலாம். அவ்வாண்டு ஜூலையில் பள்ளிப்பருவந்தொட்டு நேசித்த ரூத் சாலமனை மணந்தார்.

பெர்லினில் எழுந்த பெயர்

1936 ஆகஸ்டில் பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. ஆரிய இனத்தின் மேன்மையை உலகுக்குக் காட்டும் மேடையாக அவற்றை இட்லரின் அரசு அமைத்திருந்தது. ஆகஸ்ட் 3ஆம் நாள் 100 மீட்டர் ஓட்டத்தை 10.3 விநாடிகளில் வென்றார் ஓவன்ஸ். மறுநாள் நீளம் தாண்டுதலில் 8.06 மீட்டர், அதற்கு அடுத்த நாள் 200 மீட்டரை 20.7 விநாடிகளில் ஓடி மூன்றாம் தங்கம். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நிறைந்த அரங்கில் ஜெர்மானிய மக்களே அவருடைய பெயரைத் தம் நாவுக்கேற்பத் திரித்து முழங்கினர். தெருவில் சென்றால் கையெழுத்து வேண்டி மொய்த்தனர். அரசு எதைப் போதித்ததோ அதை அந்தச் சில நாள்கள் மக்களின் கரவொலி மறந்திருந்தது.

நீளம் தாண்டுதலில் அவரிடம் தோற்று வெள்ளி வென்ற ஜெர்மானிய வீரர் லூஸ் லாங், இட்லரின் கண்ணெதிரிலேயே அவரைத் தழுவி வாழ்த்தினார். தோளோடு தோள் சேர்த்து நடந்தார். அந்த நட்பைப் பதக்கங்களினும் மேலாக ஓவன்ஸ் இறுதிவரை போற்றினார். லாங் 1943இல் சிசிலியில் போர்க்காயத்தால் மாண்டார்.

நான்காம் தங்கம் 4 × 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் 39.8 விநாடிகளில், உலகச் சாதனையாக வந்தது. ஆனால் அதில் ஒரு கசப்பும் கலந்திருந்தது. ஓடவிருந்த மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்னும் இரு யூத இளைஞர்களைக் கடைசி வேளையில் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் விலக்கிவிட்டு, ஓவன்ஸையும் ரால்ப் மெட்காபையும் சேர்த்தனர். தமக்குப் பதக்கங்கள் போதும், அவர்களே ஓடட்டும் என ஓவன்ஸ் மன்றாடியதை, விலக்கப்பட்ட கிளிக்மனே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மன்றாட்டு ஏற்கப்படவில்லை.

இட்லர் ஓவன்ஸுக்குக் கைகொடுக்க மறுத்தார் என்னும் கதை உலகெங்கும் பரவியது. முதல் நாளில் தமக்கு உகந்த சிலரை மட்டும் இட்லர் பாராட்டியதும், பாராட்டினால் அனைவரையும் பாராட்ட வேண்டும் என ஒலிம்பிக் குழுவின் தலைவர் வற்புறுத்தியதும், அதன்பின் வெளிப்படையாக எவரையும் பாராட்டாமல் அவர் விட்டதும் வரலாறு. ஓவன்ஸ் தாமே தொடக்கத்தில் அக்கதையை மறுத்தார். பின்னாளில் மேடைதோறும் மக்கள் அதையே கேட்க விரும்பியதால் அதையே சொல்லலானார்.

வரவேற்பும் பின்வாசலும்

ஒலிம்பிக் முடிந்தவுடன் வீரர்களை ஐரோப்பிய நகரங்கள் தோறும் அனுப்பி நிதி திரட்டியது அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம். களைத்துப்போன ஓவன்ஸ் சுவீடனுக்குச் செல்லாமல் தாயகம் திரும்பினார். சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. இருபத்து மூன்று வயது நிறையுமுன்னே, உலகின் தலைசிறந்த ஓட்டக்காரரின் போட்டி வாழ்வு முடிந்துபோயிற்று.

நியூயார்க் நகரம் அவரைக் காகித மழையில் வரவேற்றது. வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டலில் அவருக்கு விருந்து ஏற்பாடாயிற்று. விருந்தின் நாயகரோ சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் மேலே செல்ல வேண்டியதாயிற்று. முன்வாசல் மின்தூக்கி வெள்ளையர்க்குரியது. அது தேர்தல் ஆண்டு. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை. ஒரு வாழ்த்துத் தந்தியும் வரவில்லை. இட்லரைவிடத் தம் நாட்டுத் தலைவரின் புறக்கணிப்பே தம்மைச் சுட்டது என்பதை ஓவன்ஸ் மறைக்கவில்லை.

குவிந்த வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கியூபாவின் ஹவானா நகரில் அவர் ஒரு பந்தயக் குதிரையை எதிர்த்து ஓடினார். 40 கெஜம் முன்னே நின்று 100 கெஜ தூரம் ஓடி வென்றார். பின்னரும் குதிரைகளோடும் ஊர்திகளோடும் ஓடிக் காசு சேர்த்தார். துப்பாக்கி ஒலியில் மிரளும் குதிரையைத் தேர்ந்து, அதன் காதருகே வெடிக்கச் செய்வதுதான் வெற்றியின் சூட்சுமம். ஒலிம்பிக் வீரர் விலங்கோடு ஓடுவது இழிவு என்று பழித்தவர்கள் இருந்தனர். நான்கு தங்கப் பதக்கங்களை உண்டு பசியாற முடியாது என்பதே அவருடைய விடை. தொடங்கிய சலவை நிலையம் நொடித்தது. 1939இல் திவால் ஆனார். விளையாட்டுத் திடல் பணியாளர், இசைக்குழுத் தலைவர், போர்க்காலத்தில் டெட்ராயிட் போர்டு தொழிற்சாலையில் கறுப்பினத் தொழிலாளர் நல அலுவலர் எனப் பல வேலைகள் பார்த்தார். மூன்று பெண் மக்களின் தந்தைக்கு வேறு வழியில்லை.

1951 ஆகஸ்டில் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவினருடன் மீண்டும் பெர்லின் அரங்கில் கால்வைத்தார். போரில் சிதைந்த அந்நகரின் மக்கள் 75,000 பேர் கூடியிருந்தனர். ஓட்ட உடையில் அவர் மெல்ல ஒரு சுற்று ஓடிவர, அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே பெயர், அதே முழக்கம். அந்த முறை அது எந்தச் சாதனைக்கும் உரியதாக இல்லை. மனிதருக்கே உரியதாக இருந்தது.

மாறிய மனம்

1955இல் ஐசனோவர் அரசு அவரை நல்லெண்ணத் தூதராக இந்தியா, மலாயா, பிலிப்பைன்ஸ் நாடுகளுக்கு அனுப்பியது. இந்திய இளைஞர்க்கும் அவர் ஓட்டப் பயிற்சி அளித்தார். சொற்பொழிவே பிழைப்பாயிற்று, உழைத்தால் உயரலாம் என்னும் நம்பிக்கையே அவற்றின் சாரம். 1966இல் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத வழக்கில் 3,000 டாலர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் கறுப்பின வீரர்கள் கையுறையணிந்த முட்டியை உயர்த்தித் தம் மக்களின் துயரை உலகுக்கு உணர்த்தினர். கரவொலியோடு ஏளன ஒலியும் அரங்கில் எழுந்தது. வீரர்களை அமைதிப்படுத்த ஒலிம்பிக் குழு அனுப்பியது ஓவன்ஸைத்தான். இளைஞர்கள் செவிசாய்க்கவில்லை. 1970இல் அவர்களுடைய போராட்ட வழியைக் கண்டித்து ஒரு நூலும் வெளியிட்டார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவற்றை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை, ஆழ்ந்து எண்ணினார். 1972இல் தாம் மாறிவிட்டதாகத் தலைப்பிலேயே அறிவித்து மற்றொரு நூல் எழுதினார். புகழின் உச்சியிலிருந்தவர், அறுபதை நெருங்கும் வயதில் தம் பிழையை ஊரறிய ஒப்புக்கொண்டார். களத்து வெற்றிகளினும் அரிய செயல் இது.

1976இல் குடியரசுத் தலைவர் போர்டு நாட்டின் உயரிய குடிமை விருதான சுதந்திரப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். பெர்லினிலிருந்து அந்த நாளுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின. நெடுங்காலப் புகைப்பழக்கத்தின் விளைவான நுரையீரல் புற்றுநோயால் 1980 மார்ச் 31ஆம் நாள் அரிசோனாவின் டூசான் நகரில் அவர் மறைந்தார். சிகாகோவில் அடக்கமானார்.

1984இல் பெர்லின் ஒலிம்பிக் அரங்கருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016 செப்டம்பரில், 1936இன் பதினெட்டுக் கறுப்பின ஒலிம்பிக் வீரர் வீராங்கனையரின் உறவினரை ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்து வரவேற்றார். எண்பது ஆண்டுகளுக்கு முன் திறக்காத கதவு திறந்தது. உள்ளே செல்ல வேண்டியவர்கள்தாம் இல்லை.

மக்கள் தந்த ஆரவாரத்தில் பொய் இல்லை. பெர்லினிலும் நியூயார்க்கிலும் கை தட்டியவர்கள் மனமாரவே தட்டினர். ஆனால் ஓடுகிற கால்களைப் போற்றுவது எளிது. ஓடி முடித்தவரைத் தம்மருகே அமர்த்திக்கொள்வதே கடினம். அந்த இடைவெளியில்தான் ஜெஸ்ஸி ஓவன்ஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வாழ்ந்தார். கசப்பின்றி வாழ்ந்தார் என்பதே அவருடைய பெருமை. அவ்வாறு வாழ நேர்ந்தது அவரைக் கொண்டாடிய நாட்டின் சிறுமை.