டிசி வாங்கின மெக்கானிக்கல்காரர்

கிரவுண்டுல விழுந்து மணிக்கட்டுக்கு எக்ஸ்-ரே எடுத்திருக்கீங்களா? தட்டையான பலகை மேல கையை வைக்கச் சொல்லுவாங்க. நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள எலும்பு மானிட்டர்ல வந்திருக்கும். ஃபிலிமும் இல்ல, அதைக் கழுவுற இருட்டறையும் இல்ல. இந்த டிஜிட்டல் ரேடியோகிராஃபிக்கு ஆரம்பப் புள்ளி வைச்ச வில்ஹெல்ம் ராண்ட்ஜன், சாட்சாத் மெக்கானிக்கல் இன்ஜினியர்னு உங்களுக்குத் தெரியுமா?

1845ல ஜெர்மனியின் லென்னெப் ஊரில் பிறந்து, நெதர்லாந்தில் வளர்ந்தவர். உட்ரெக்ட் டெக்னிக்கல் ஸ்கூல்ல யாரோ ஒரு பையன் வாத்தியாரைக் கிண்டலா வரைஞ்சுட்டான். மாட்டினது ராண்ட்ஜன். வரைஞ்சவன் பேரை அவர் சொல்லல. டிசி கைக்கு வந்துடுச்சு.

பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவரை யார் சேர்ப்பாங்க? சூரிச் பாலிடெக்னிக் சேர்த்துக்கிட்டது. 1868ல மெக்கானிக்கல் டிப்ளமோ, அடுத்த வருஷமே பிஎச்டி! ஆனா அந்தச் சான்றிதழ் அவரை விடல. தன் குரு குண்ட்டோட வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் போனப்ப, அது இல்லைங்கிற காரணத்தால விரிவுரையாளர் தகுதி கிடைக்கல. ஸ்ட்ராஸ்பர்க் போய்த்தான் வாங்கினார். அதே வூர்ஸ்பர்க் 1888ல அவரைப் பேராசிரியரா கூப்பிட்டு, 1894ல ரெக்டராவே ஆக்கினது. (எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.)

1895 நவம்பர் 8. கேத்தோடு கதிர்க் குழாயைக் கருப்பு அட்டையால நல்லா மூடி, அறையை இருட்டாக்கி கரண்ட் கொடுக்கிறார். தள்ளி இருந்த, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசின திரை மினுங்குது! நீங்களும் நானும்னா அன்னைக்கே ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். அவர் ஏழு வாரம் லேபுக்குள்ளயே கிடந்து திரும்பத் திரும்பச் சோதிச்சார். டிசம்பர் 22ல மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பும் மோதிரமும் அப்படியே தெரிஞ்சது. அந்த மாசக் கடைசியிலதான் கட்டுரையைக் கொடுத்தார்.

இன்னைக்குப் பெரும்பாலான டிடெக்டர் பலகைக்குள்ளயும் அதே வேலைதான் நடக்குது. எக்ஸ்-ரே பட்டதும் சீசியம் அயோடைடு படலம் மினுங்கும். அந்த வெளிச்சத்தை அடியில இருக்கிற போட்டோடயோடுகள் மின்சாரமா மாத்தும். மினுங்குறதைப் பார்க்க அன்னைக்கு அவர் கண்ணு, இன்னைக்கு சிலிக்கான். எலும்பு முறிவோ, நெஞ்சுச் சளியோ, டாக்டர் ஸ்கிரீன்லயே பெரிசாக்கிப் பார்க்கலாம்.

பேடன்ட் எடுத்திருந்தா கோடீஸ்வரர். எடுக்கல. 1901ல இயற்பியலுக்கான முதல் நோபல் கிடைச்சது. அந்தப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துட்டார். ஆமா, தகுதி தர மறுத்த அதே இடத்துக்கு! முதல் உலகப் போருக்கு அப்புறம் வந்த பணவீக்கத்துல சேமிப்பெல்லாம் கரைஞ்சது. 1923 பிப்ரவரி 10ல மியூனிக்கில், குடல் புற்றுநோயால இறந்தார். அவர் எழுதி வைச்சபடியே கடிதங்களை எரிச்சுட்டாங்க.