வைத்தியரிடம் உண்மை சொன்ன கவிஞர்



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு சந்திக்கப் போகும்போது, தூக்க மாத்திரை இல்லாமல், வலி மாத்திரை இல்லாமல் முடியலை என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். சாராயத்தை விட்டவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே இந்த மாதம் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் என்கிற ஆங்கிலக் கவிஞரைப் பற்றி எழுதுகிறேன். காலேஜில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த பேர்தான். கடற்பறவையைக் கொன்ற மாலுமியின் பாட்டை எழுதினவர்.

1772-ல் ஒரு குருவானவரின் கடைசிப் பிள்ளையாய்ப் பிறந்தார். வாலிபத்தில் தானும் பிரசங்கித்தார். மூட்டு வலியும் முழங்கால் வீக்கமும் வாட்டினபோது லாடனம் குடித்தார். அபினைச் சாராயத்தில் கரைத்த மருந்து அது. அந்நாளில் வைத்தியர்களே கொடுத்தார்கள், கடையிலும் தாராளமாய்க் கிடைத்தது. 1801 வாக்கில் அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. மனைவி பிள்ளைகளைப் பிரிந்தார். நிறுத்திப் பார்த்தார், சரீரம் படாத பாடு பட்டது, திரும்பவும் குடித்தார்.

1816 ஏப்ரலில் லண்டன் பக்கம் ஹைகேட்டில், ஜேம்ஸ் கில்மன் என்ற வைத்தியரின் வீட்டில் தங்கப் போனார். போகுமுன்னே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைத்தான் நான் பெரிதாய் நினைக்கிறேன். வாயால் பொய் சொல்லமாட்டேன், ஆனால் இந்த விஷத்துக்காக நடத்தையில் ஏமாற்றுவேன், என்மேல் கண் வையுங்கள், முதல் வாரம் தனியே வெளியே விடவேண்டாம், வேலைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தன் தந்திரத்தைத் தானே காட்டிக்கொடுத்தார்!

ஒரு மாதம் என்று போனவர் 18 வருஷம், சாகிறவரைக்கும், அங்கேயே இருந்தார். கில்மன் அளவைக் குறைத்துக் கட்டுக்குள் வைத்தார். பக்கத்து மருந்துக்கடையில் மறைவாய் வாங்கினதும் உண்டு, முழுசாய் விடவில்லை. சாட்சி நேரத்தில் இதற்கு அல்லேலூயா கிடைக்காதுதான். ஆனாலும் அந்த வீட்டிலிருந்துதான் 1825-ல் கிறிஸ்தவ ஜீவியத்தைப் பற்றிய புஸ்தகத்தை வெளியிட்டார். 1834 ஜூலை 25-ல் மரித்தபின் சரீரத்தைச் சோதித்தவர்கள் இருதயம் பெருத்திருந்ததைக் கண்டார்கள். அவருடைய வியாதி பொய்யல்ல.

மாத்திரையில் சிக்கினவர்கள் உபவாசம் என்று சொல்லி ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சில தூக்க மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரும். எத்தனை போடுகிறீர்கள், எந்தெந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கூச்சமாயிருந்தால் ஆஸ்பத்திரிக்குத் துணையாய் நானும் வருகிறேன். மெடிக்கல் கடைக்காரரிடமும், சீட்டு இல்லாமல் எனக்குக் கொடுக்காதீங்க என்று நீங்களே சொல்லி வைக்கலாம்.