சிப்பாயாகச் சேர்ந்தவர் கட்டிய விமானம்



காந்தி, காமராசர் பற்றியெல்லாம் போன இதழ்களிலேயே எழுதிட்டாங்க. நான் எழுதப்போவது ஏர் வைஸ் மார்ஷல் ஹர்ஜிந்தர் சிங் பற்றி. விமானப்படையில் வேலை பார்த்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவாங்க. எங்க தெருவில் விமானப்படை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருத்தர் இருக்கார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹர்ஜிந்தர் சிங் 1909-ல் பிறந்தவர். லாகூரில் மெக்லகன் பொறியியல் கல்லூரியில் படித்தார். அந்தப் படிப்புக்கு நல்ல உத்தியோகத்துக்கே போயிருக்கலாம். ஆனால் இந்திய விமானப்படை தொடங்கியபோது ஹவாய் சிப்பாய் என்ற அடிமட்டப் பதவியில் போய்ச் சேர்ந்தார். 1933-ல் முதல் படைப்பிரிவிடம் இருந்தது வெறும் 4 வாபிடி விமானங்கள். உடம்பெல்லாம் துணி போர்த்திய விமானம்! அதைக் கழற்றி மாட்டுவதுதான் அவருக்கு வேலை. இந்தியர்களுக்கு இதெல்லாம் வருமா என்று வெள்ளைக்கார அதிகாரிகள் சந்தேகப்பட்ட காலம் அது.

1942-ல் பர்மாவில் போர். அவருடைய பிரிவிடம் இருந்தது லைசாண்டர் என்ற வேவு பார்க்கும் விமானம். கையில் கிடைத்ததை வைத்து அதில் குண்டு மாட்டும் அமைப்பைச் செய்து கொடுத்தார் ஹர்ஜிந்தர். அந்த விமானங்கள் போய் எதிரியின் விமானத்தளத்தைத் தாக்கின. அதே வருடம் அவர் அதிகாரி ஆனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு கான்பூர். அங்கே இருந்தது பழுது பார்க்கும் பணிமனை. அங்கேயே 1958-ல் கான்பூர்-1 என்ற சின்ன விமானத்தைச் செய்து காட்டினார். அப்புறம்தான் பெரிய வேலை வந்தது. இங்கிலாந்தின் ஆவ்ரோ 748 விமானத்தை இந்தியாவிலேயே கட்டுவது என்று 1959-ல் முடிவானது. இது டர்போபிராப் விமானம். அதாவது உள்ளே ஜெட் மாதிரி எஞ்சின், ஆனால் அது வெளியே இருக்கிற விசிறியைச் சுற்றும். சின்ன ஓடுதளமே போதும். பழுது பார்க்கிறவங்க விமானம் கட்டுவாங்களா என்று பல பேர் கேட்டாங்க. 1961 நவம்பர் 1-ல் முதல் விமானம் பறந்தது. அதற்கு சுப்ரதோ என்று பெயர் வைத்தாங்க. 1933-லிருந்து அவரோடு ஒன்றாக இருந்து, விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியாகி, 1960-ல் இறந்துபோன சுப்ரதோ முகர்ஜியின் பெயர் அது.

ஆரம்பத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. போகப்போக நிறைய இங்கேயே செய்தார்கள். 1964-ல் எச்.ஏ.எல். பொறுப்பேற்றது. மொத்தம் 89 விமானங்கள். பிரதமர்கள்கூட அதில் போயிருக்காங்க. நம்ம மதுரைக்கும் வந்து போனது.

ஹர்ஜிந்தர் சிங் 1971-ல் காலமானார். அதே வருடம் டிசம்பர் 9-ல் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ ஒன்று சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தாங்க. அப்போ திண்டுக்கல்லும் சின்னமனூரும் ஒரே மதுரை மாவட்டம். அதனால் அந்தக் கதையும் நம்ம கதைதான்.

1984-ல் ஆவ்ரோ கட்டுவது நின்றது. அதற்குப் பதிலாக சி-295 என்ற 56 விமானங்களுக்கு 2021-ல் ஒப்பந்தம் போட்டாங்க. அதில் 40 விமானங்களை குஜராத்தில் வதோதராவில் கட்டுவது என்று முடிவு. அதுவும் டர்போபிராப்தான்!

இதை ஏன் எழுதுறேன்னா, எங்கப்பா நல்லாம்பட்டி பக்கம் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அரம் பிடித்துப் பிடித்து அவர் கை காய்ச்சுப்போயிருக்கும். போன வருடம் ஒரு விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று மட்டும் எழுதினேன். பட்டறை என்று எழுதக் கூச்சம். அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அது இன்னும் எனக்கு உறுத்துது.

இந்த வருடம் பூட்டுத் தொழிலாளி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஸ்பேனர் பிடித்த கைதான் விமானம் கட்டியது நண்பர்களே. உங்க அப்பா கையையும் ஒருதரம் பாருங்க.



– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு