நிறமில்லாச் சுடரைத் தேடியவர்: ராபர்ட் புன்சன்

இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நாம் முதலில் பெயர் கற்றுக்கொள்ளும் கருவிகளுள் ஒன்று புன்சன் அடுப்பு. மலாய்ப் பாடநூலில் அதைப் பெனுனு புன்சென் என்று படித்திருப்போம். படம் வரைந்து பாகங்களைக் குறித்திருப்போம். காற்றுத் துளையை மூடினால் மஞ்சள் சுடர், திறந்தால் நீலச் சுடர் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால், அந்தப் புன்சன் யார், அவருக்கு ஏன் அப்படியோர் அடுப்பு தேவைப்பட்டது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

பல்கலைக்கழகத்தில் எரிதல் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. விடையைத் தேடிப் படித்தபோது ஒன்று தெளிவானது. அந்தச் சிறிய அடுப்பு ஒரு நாளில் தோன்றிய யோசனை அன்று. வாயுக்கள் எப்படி எரிகின்றன என்று பல ஆண்டுகள் கவனித்த ஒருவரின் கையில்தான் அது உருப்பெற முடிந்தது.

நூலகரின் மகன்

ராபர்ட் வில்ஹெல்ம் புன்சன் 1811-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். நான்கு மகன்களில் அவரே இளையவர். அவருடைய தந்தை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் நூலகராகவும் பேராசிரியராகவும் பணியாற்றினார். புன்சனும் அங்கேயே வேதியியல் படித்து, இருபது வயதை ஒட்டி முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனி, பிரான்சு, ஆஸ்திரியா என்று பயணம் செய்து, தொழிற்சாலைகளையும் ஆய்வுக்கூடங்களையும் நேரில் பார்த்தார். வேதியியல் என்பது புத்தகத்தோடு நிற்பதன்று, உலைக்களத்திலும் சுரங்கத்திலும் நடப்பது என்ற எண்ணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

1834-இல் அவரும் மருத்துவர் பெர்தோல்டும் சேர்ந்து, ஆர்சனிக் நஞ்சுக்கு நீரேற்றிய இரும்பு ஆக்சைடு மாற்று மருந்தாகும் என்று காட்டினர். அது ஆர்சனிக்கைப் பிடித்துக்கொண்டு நீரில் கரையாத பொருளாக மாற்றிவிடும். அதன் பின்னரும் அவர் ஆர்சனிக்கை விடவில்லை. கக்கோடைல் எனப்படும் ஆர்சனிக் சேர்மங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குடலைப் புரட்டும் நாற்றம், கொடிய நஞ்சு, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் குணம் ஆகிய மூன்றும் சேர்ந்தவை அவை. ஒரு நாள் ஒரு குடுவை வெடித்தது. வலது கண்ணின் பார்வை போயிற்று. நஞ்சேறி உயிருக்கும் ஆபத்து வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆய்வையும் தொடர்ந்தார். பின்னாளில் சுடரின் நிறங்களைக் கூர்ந்து பார்த்துப் புகழ்பெற்ற இந்த மனிதர், அவை அனைத்தையும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தார்.

புகையோடு போன வெப்பம்

புன்சன் 1836-இல் காசல் நகரிலும், 1839 முதல் மார்பர்க் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். அந்தக் காலத்தில் அவரைக் கவர்ந்தது இரும்பு உருக்கும் ஊதுலை. உலையின் உச்சியிலிருந்து வெளியேறும் வாயுவை யாரும் பொருட்படுத்தவில்லை. புன்சன் அதைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தார். அதில் நிறைய கார்பன் மோனாக்சைடு இருந்தது. அதாவது, இன்னும் எரியக்கூடிய எரிபொருள் வீணாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மரக்கரி போட்ட ஜெர்மானிய உலைகளில் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்குமேல் வீணானது. பிறகு லயன் பிளேஃபேருடன் இங்கிலாந்து உலைகளை ஆராய்ந்தபோது, அங்கே 80 விழுக்காட்டுக்கும் மேல் வீணாவது தெரிந்தது.

இந்த ஆய்வுக்காக வாயுக்களை அளக்கவும் பிரிக்கவும் அவரே முறைகளை உருவாக்கினார். 1857-இல் வெளிவந்த அவருடைய ஒரே நூலும் இந்த முறைகளைப் பற்றியதுதான். இடையில் 1841-இல், மின்கலத்தில் விலைமிக்க பிளாட்டினத்துக்குப் பதிலாகக் கார்பனைப் பயன்படுத்திக் காட்டினார். 1846-இல் ஐஸ்லாந்துக்குச் சென்று, பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றுகளின் ஆழத்தில் வெப்பநிலையை அளந்தார்.

விளக்குக்கு வந்த வாயு

1852-இல் புன்சன் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்போது அங்கிருந்த ஆய்வுக்கூடம் ஒரு பழைய மடாலயக் கட்டடத்தில் இயங்கியது. புதிய கூடம் கட்டித் தருவதாக அரசு வாக்களித்து, அதை நிறைவேற்றவும் செய்தது. அதே காலத்தில் நகரில் தெருவிளக்குகளுக்காக நிலக்கரி வாயு குழாய் வழியே வரத் தொடங்கியது. புதிய கூடத்தின் மேசைகளுக்கும் வாயுக் குழாய் போடத் திட்டமிட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். விளக்குக்கு வேண்டியது வெளிச்சம். வாயு சரியாக எரியாமல், அதிலுள்ள கார்பன் துகள்கள் சூடேறி ஒளிர்வதால்தான் அந்த மஞ்சள் வெளிச்சம் கிடைக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது: கரி படியாத, ஒளி குறைந்த, சூடு மிகுந்த சுடர்.

காற்றை முன்பே கலந்து எரிக்கலாம் என்பது புதிய எண்ணமன்று. 1827-இல் வெளிவந்த ஆய்வுக்கூட நூலொன்றில் மைக்கேல் பாரடே அத்தகைய அமைப்பை விவரித்திருந்தார். லண்டனில் பயன்பட்ட ஓர் எரிப்பானைப் புன்சனின் மாணவர் ஹென்றி ராஸ்கோ ஹைடல்பர்க்குக்குக் கொண்டுவந்தார். அதன் வாயில் ஒரு கம்பிவலை இருந்தது. சுடர் உள்ளே இறங்காமல் வலை தடுத்தது உண்மை. ஆனால், சுடர் பெரிதாகவும் நடுங்கிக்கொண்டும் இருந்தது. போதிய சூடும் இல்லை. வலையே இல்லாமல், கலந்த வாயு குழாயின் வாயில் அமைதியாக எரிய வேண்டும் என்று புன்சன் முடிவு செய்தார். பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவரான பீட்டர் தெசாகாவிடம் தமக்கு வேண்டியதை விளக்கினார். தெசாகா அதை வடிவமைத்துச் செய்து கொடுத்தார். 1855-இல் புதிய கூடம் திறந்தபோது சுமார் 50 எரிப்பான்கள் தயாராக இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857-இல், புன்சனும் ராஸ்கோவும் அதன் அமைப்பை வெளியிட்டனர்.

கலப்பதில்தான் கலை

பார்வைக்கு அது ஒரு குழாய், ஒரு சிறு துளை, பக்கத்தில் காற்றுத் துளைகள். அவ்வளவுதான். ஆனால், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

அடியில் உள்ள நுண்துளை வழியே வாயு வேகமாகப் பீறிடுகிறது. அந்த வேகம் சுற்றியுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. விசிறியோ பம்போ தேவையில்லை. வாயு அதிகம் வந்தால் இழுக்கப்படும் காற்றும் அதிகமாகிறது.

அடுத்தது குழாயின் நீளம். வாயுவும் காற்றும் ஒரே குழாய்க்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று நன்றாகக் கலக்க வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் ஒரு பக்கம் வாயு மிகுந்தும் மறுபக்கம் காற்று மிகுந்தும் போகும். சுடரும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தள்ளாடும். போதிய நீளம் இருந்தால் குழாயின் வாயை அடைவதற்குள் கலவை சீராகிவிடும்.

மூன்றாவது குழாயின் அகலம். கலந்த வாயுவில் தீ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பரவும். கலவை மேலே வரும் வேகம் அதைவிடக் குறைந்தால், சுடர் குழாய்க்குள் இறங்கி அடியில் எரியத் தொடங்கும். வேகம் மிகவும் கூடினால் சுடர் குழாயை விட்டு மேலெழும்பி அணைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி குழாயின் அகலத்தையும் வாயு, காற்று விகிதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். லண்டன் எரிப்பான் வலையைப் போட்டுத் தடுத்ததை, புன்சனின் எரிப்பான் அளவுகளைச் சரிசெய்தே தடுத்தது. என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். ஒரு பாகத்தைச் சேர்க்காமல், ஒரு பாகத்தை எடுத்துவிட்டு அவர் தீர்வு கண்டார்.

நம் வீட்டுச் சமையலறையில் உள்ள கேஸ் அடுப்பும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அடியிலிருந்து பார்த்தால் நுண்துளையும், காற்று நுழையும் வாயும், கலவைக் குழாயும் தெரியும். சட்டியின் அடியில் கரி படிகிறது என்றால் காற்று போதவில்லை என்று பொருள். அதைக் கழுவும் வேலை மட்டும் நம்முடையதன்று. போதிய காற்றில்லாமல் எரியும்போது, ஊதுலையில் புன்சன் கண்ட அதே கார்பன் மோனாக்சைடு நம் சமையலறையிலும் உருவாகும். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது.

வாயுவுக்கு வாயு கணக்கும் மாறும். ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 10 பங்கு காற்று வேண்டும். சமையல் எரிவாயு தோம்பில் வரும் பியூட்டேனுக்கு ஏறக்குறைய 31 பங்கு வேண்டும். இதில் ஒரு பகுதி குழாய்க்குள் கலக்கிறது. மீதியைச் சுடர் வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு வாயுவுக்குச் செய்த அடுப்பை, நுண்துளையை மாற்றாமல் வேறு வாயுவில் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

சுடருக்குள் இரண்டு தனிமங்கள்

புதிய எரிப்பானால் கிடைத்தது சூடு மட்டுமன்று. சரியாகக் கலந்த வாயுவின் சுடருக்கு ஏறக்குறைய நிறமே இல்லை. அதில் ஓர் உப்பைக் காட்டினால், தெரிவது அந்த உப்பின் நிறம் மட்டுமே. சோடியம் மஞ்சள், பொட்டாசியம் ஊதா என்று நாம் செய்யும் சுடர்ச் சோதனை இதுதான். ஆனால், ஒரு நிறம் இன்னொன்றை மறைத்துவிடும். புன்சன் நிறக் கண்ணாடிகள் வழியாகப் பார்த்து அவற்றைப் பிரித்தறிய முயன்றார். அவருடைய நண்பரும் இயற்பியல் பேராசிரியருமான குஸ்தாவ் கிர்க்காஃப், முப்பட்டகம் வழியாகப் பார்க்கலாமே என்று யோசனை கூறினார். ஒரு சுருட்டுப் பெட்டி, பழைய தொலைநோக்கிகளின் துண்டுகள், ஒரு முப்பட்டகம் ஆகியவற்றைக் கொண்டு அவர்களின் முதல் நிறமாலைமானி உருவானது.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய வண்ணக் கோடுகளைக் காட்டியது. ஒரு மில்லிகிராமில் 30 லட்சத்தில் ஒரு பங்கு சோடியம் இருந்தாலும் கண்டுபிடிக்க முடிந்தது. 1860-இல் டூர்க்ஹைம் நகர ஊற்றுநீரை ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் அறியாத நீலக் கோடுகள் தெரிந்தன. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க, சுமார் 44,000 லிட்டர் ஊற்றுநீரை வற்றச் செய்தார்கள். கிடைத்த சீசியம் குளோரைடு 7 கிராம் அளவுதான். மறு ஆண்டு, லெப்பிடோலைட் என்ற கனிமத்தில் தெரிந்த அடர் சிவப்புக் கோடுகள் ருபீடியத்தைக் காட்டின.

இன்று ஒரு வினாடி என்பதன் வரையறையே சீசியம் அணுவை அடிப்படையாகக் கொண்டது. கைப்பேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களிலும் இவ்விரு தனிமங்கள் பயன்படுகின்றன. சூரியனில் என்ன இருக்கிறது என்று பூமியிலிருந்தே சொல்லும் அறிவியலும் அந்தச் சுருட்டுப் பெட்டியிலிருந்து வளர்ந்ததுதான். சுடரில் அழுக்கு நிறம் இருந்திருந்தால் அந்த மெல்லிய கோடுகள் கண்ணில் பட்டிருக்குமா?

பெயரும் உழைப்பும்

புன்சன் தம் எரிப்பானுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அமைப்பை வெளிப்படையாக எழுதினார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதனால் அது விரைவாகப் பரவியது. ஆனால், பரவியபோது ஒரு பெயர் மட்டுமே அதனுடன் சென்றது. பாரடேயின் முன்னோடி அமைப்பு, ராஸ்கோ கொண்டுவந்த மாதிரி, தெசாகாவின் கைத்திறன் ஆகியவை பாடநூலில் இல்லை. குறிப்பாக, பேராசிரியரின் தேவையைப் பித்தளையில் வடித்துக் கொடுத்த தெசாகாவை நாம் நினைப்பதே இல்லை. பொறியியல் துறைக்குள் செல்ல விரும்பும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்பவரும், அதை அளவு பிசகாமல் செய்து தருபவரும் சேர்ந்தால்தான் ஒரு கருவி பிறக்கிறது.

புன்சன் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுக்கூடமே அவர் உலகம். மாணவர்களோடு மேசைமேசையாகச் சென்று, கண்ணாடி ஊதவும் வாயு அளக்கவும் தம் கையாலேயே சொல்லிக்கொடுப்பார். சூடான மூசையின் மூடியை வெறும் விரலால் எடுப்பாராம். தனிம அட்டவணையை உருவாக்கியவர்களில் லோதார் மேயர் அவரிடம் பயின்றார்; மெண்டலீவும் சிறிது காலம் அவருடைய கூடத்தில் பணியாற்றினார். 1889-இல், 78 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, இளமையில் விரும்பிய நிலவியலில் பொழுதைச் செலவிட்டார். 1899 ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஹைடல்பர்க்கில் காலமானார்.

அடுத்த முறை புன்சன் அடுப்பைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும்போது, ஒரு கேள்வியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்: இந்தக் குழாய்க்கு ஏன் இந்த நீளம்? ஆசிரியரிடம் கேளுங்கள், அனுமதி பெற்று, அவர் அருகில் இருக்கும்போதே காற்று வளையத்தை மெல்லத் திருப்பிச் சுடர் மாறுவதைப் பாருங்கள். மஞ்சள் மறைந்து நீலம் தெளியும் அந்தச் சில வினாடிகளில் புன்சனின் வேலை முழுவதும் உங்கள் கண்முன் நடக்கும்.