முற்றத்தைப் பள்ளியாக்கிய தாராபாய் அம்மையார்

நம் நாட்டில் எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கன்வாடி என்னும் பெயர்ப்பலகையைக் காண்கிறோம். மராத்தியில் அங்கண் என்பது வீட்டு முற்றம். நம் தமிழிலும் அங்கணம் என்னும் பழஞ்சொல்லுக்கு முற்றம் என்ற பொருள் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கு வாராதபோது, பள்ளியையே அவர்தம் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுசென்ற ஒரு பெருமாட்டியின் உழைப்பு இச்சொல்லில் அடங்கியிருக்கிறது. அவரே தாராபாய் மோடக். மராட்டிய மண்ணில் வாழ்ந்து, நம் மழலைகளை இம்மண்ணின் பாலவாடிகளுக்கு அனுப்பிவரும் தமிழர்களாகிய நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

அம்மையார் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், 1914இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். மணவாழ்வு நிலைக்கவில்லை. ஆயினும் மனந்தளராது, ராஜ்கோட்டில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

அந்நாளில் பாவநகரில் கிஜுபாய் பதேகா என்பார், வழக்கறிஞர் தொழிலை விடுத்து, 1920இல் பாலமந்திர் ஒன்றைத் தொடங்கி நடத்திவந்தார். குழந்தையை அடித்தும் அச்சுறுத்தியும் கற்பிக்கலாகாது என்பது அவர் கொள்கை. தாராபாய் தம் உயர்பதவியைத் துறந்து அவருடன் இணைந்தார். இருவரும் மாண்டிசோரி அம்மையாரின் முறையை நம் நாட்டு நிலைக்கேற்ப வகுத்தனர். 1926இல் நூதன் பால சிக்ஷண சங்கத்தை நிறுவினர். இதழ் நடத்தித் தம் கருத்துகளைப் பரப்பினர். 1936இல் தாராபாய் பம்பாய் தாதரில் சிசு விகார் என்னும் குழந்தைப் பள்ளியைக் கண்டார்.

நகரத்துப் பிள்ளைகள் பயன்பெற்றனர். நாட்டுப்புறத்துப் பிள்ளைகளின் கதி யாது? இவ்வினா அம்மையாரை 1945இல் கடலோரச் சிற்றூராகிய போர்டிக்கு இட்டுச்சென்றது. ஐம்பத்து மூன்று வயதில், வசதிகளை விட்டு, கிராமத்தில் புதுவாழ்வு தொடங்கினார்.

பள்ளி திறந்தால் மட்டும் போதவில்லை. வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்து குழந்தைகள் வரவில்லை. பெற்றோர் விடியலிலேயே கூலிக்குச் செல்வர். மூத்த பிள்ளை கைக்குழந்தையைக் காக்கும், அன்றி மாடு மேய்க்கும். ஆகவே பிள்ளையை அனுப்பாமை பெற்றோரின் அலட்சியமன்று, அவ்வீட்டின் நெருக்கடியே என்பதை அம்மையார் உணர்ந்தார். அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, தம் பள்ளியையே மாற்றிக்கொண்டார்.

ஆசிரியைகள் சேரிகளை நாடிச் சென்றனர். முற்றத்திலே குழந்தைகளைக் கூட்டி, குளிப்பாட்டித் தலைவாரி, பாட்டும் கதையும் விளையாட்டும் கற்பித்தனர். விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல்லும் கிளிஞ்சலும் இலையும் பயன்பட்டன. தாயின் கண்ணெதிரே பாடம் நடந்தமையால், அவளும் அதில் பங்குகொண்டாள், ஐயம் அகன்றது. பின்னர், 1957இல் கோஸ்பாட் குன்றுக்குச் சென்று வார்லி பழங்குடியினரிடையே பணியாற்றியபோது, குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் அமைத்தனர். தம்பியைத் தூக்கிவரும் அக்காளும் அதனால் படிக்கலாயிற்று. மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது.

இப்பெரும்பணியில் அம்மையாருக்கு வலக்கையாய் விளங்கியவர் அனுதாய் வாக். இளமையிலேயே கைம்மை எய்திய அவர், 1945 முதல் இருபத்தெட்டு ஆண்டுகள் உடனுழைத்தார். வயதில் பதினெட்டாண்டு இளையவராகிய அவரைத் தாராபாய் ஏவலராக நடத்தாது, பொறுப்புகளைப் பகிர்ந்தளித்து வளர்த்தார். அதனாலன்றோ, 1973 ஆகஸ்ட் 31ஆம் நாள் தாராபாய் மறைந்த பின்னும் பணி தடைப்படவில்லை! அனுதாய் 1992இல் தாம் மறையும்வரை அதனைத் தொடர்ந்தார்.

1962இல் அரசு தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்கள் அங்கன்வாடி என்னும் பெயரையே ஏற்றன. விருதினும் இதுவே அவருக்குரிய நினைவுச்சின்னம் எனலாம்.

மொழி வேறாயிருப்பினும், நம் குழந்தையைக் கையேற்கும் ஆசிரியை நம் குடும்பத்தின் துணைவரே. அவர் நம் வாயிலுக்கு வருங்கால் வரவேற்போம். அழைக்குங்கால் வேலையைச் சற்று ஒதுக்கிச் செல்வோம். தாராபாய் அம்மையார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.