லாம்பரேனே வைத்தியர்

ஆப்பிரிக்காவின் மேற்குப் பாகத்தில், பூமத்திய ரேகை ஊடறுத்துச் செல்லும் காபோன் தேசத்தில், ஒகோவே என்னும் பெருநதி ஓடுகிறது. அதன் கரையில், அடர்ந்த கானகத்தின் நடுவே உள்ள ஊர் லாம்பரேனே. 1913-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி, 38 வயதுள்ள ஐரோப்பியர் ஒருவர் தம் மனைவியுடன் அங்கே வந்திறங்கினார். ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் வருவதில் அந்நாளில் புதுமை ஒன்றுமில்லை. தந்தத்துக்கும் ரப்பருக்கும் மரத்துக்குமாக வந்தோர் பலர். ஆள வந்தோரும் பலர். ஊதியம் கேளாமல், செலவையும் தாமே தேடிக்கொண்டு, வியாதியஸ்தர்களுக்குச் சிகிச்சை செய்ய வந்தோர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான அல்பர்ட் ஷ்வைட்ஸரின் சரித்திரத்தை, அந்நிய ஆட்சியை அநுபவித்தறிந்த நாம் வணக்கத்தோடும் விழிப்போடும் படிப்பது தகும்.

அவர் பிறந்தது 1875-ம் வருஷம், அல்ஸேஸ் பிரதேசத்தில். நான்கு வருஷங்களுக்கு முன்புதான் ஜெர்மனி அப்பிரதேசத்தைப் பிரான்ஸிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது. தந்தை கிராமத்துப் பாதிரியார். மகன் தத்துவத்திலும் வேதசாஸ்திரத்திலும் பட்டங்கள் பெற்று, ஸ்ட்ராஸ்பர்க் சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். ஆர்கன் வாத்தியத்தில் அவருக்கிருந்த தேர்ச்சி ஐரோப்பாவெங்கும் பிரசித்தம். பாஹ் என்ற சங்கீத மேதையைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் போற்றப்படுகிறது. இவ்வளவு கீர்த்தியும் முப்பது வயதுக்குள் வந்து சேர்ந்தது. முப்பது வயது வரையில் கல்விக்கும் கலைக்கும், அதன்பின் மனிதரின் துயர் துடைப்பதற்கும் என்று 21-வது வயதிலேயே அவர் சங்கற்பம் செய்துகொண்டிருந்தார். காபோனில் ஆள் போதவில்லை என்று பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகையில் 1904-ல் படித்தபோது வழி தெரிந்தது. மறுவருஷம், தாம் ஆசிரியராக இருந்த சர்வகலாசாலையிலேயே வைத்திய மாணவராகச் சேர்ந்தார். பந்துமித்திரர் பலரும் பைத்தியக்காரத்தனம் என்றே கருதினர்.

படித்து முடித்த பின்னும் தடைகள் தீரவில்லை. அவருடைய மதக் கொள்கைகள் மிஷன் சங்கத்தாருக்குப் பிடிக்கவில்லை. பிரசங்கம் செய்யாமல் வைத்தியம் மட்டும் செய்வதாக வாக்களித்த பிறகே அனுமதித்தனர். காபோன் அன்று பிரெஞ்சுக் குடியேற்றம். அங்கே பிரெஞ்சுப் பட்டம் பெற்றவரே வைத்தியம் செய்யலாம். ஜெர்மன் பட்டம் பெற்ற இவர் விசேஷ அநுமதி பெற வேண்டியிருந்தது. பணமோ, நண்பர்களிடம் யாசித்ததும் கச்சேரிகளில் சம்பாதித்ததுமே.

லாம்பரேனேயில் முதல் ஆஸ்பத்திரி ஒரு பழைய கோழிக் கொட்டகை. அதைச் சுத்தம் செய்து, சுண்ணாம்படித்து, அதற்குள் வேலையைத் தொடங்கினார். மலைஜுரம், தூக்க வியாதி, குஷ்டம், சீதபேதி, யானைக்கால், குடலிறக்கம், ஆறாத புண்கள் எல்லாம் படகேறி வந்தன. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேருக்குச் சிகிச்சை நடந்தது. ஒவ்வொருவர் கழுத்திலும் எண் எழுதிய அட்டை ஒன்றை நாரில் கோத்துக் கட்டுவார்கள். மறுமுறை வரும்போது அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் பார்ப்பார்கள். நோயாளியின் சுற்றத்தாரும் உடன் தங்கிச் சமைத்துக்கொள்வர். வாழைக்குலையும் முட்டையும் கோழியும் காணிக்கையாக வரும்.

தாதிப் பயிற்சி பெற்றிருந்த மனைவி ஹெலேனே மயக்க மருந்து கொடுப்பார். ரப்பர் உறை அணிந்து அருகில் உதவி நிற்பவர் ஜோஸப் என்ற ஆப்பிரிக்கர். முன்பு சமையற்காரராக இருந்தவராதலால், தேகத்தின் உறுப்புகளை எல்லாம் இறைச்சிக் கடைப் பெயர்களாலேயே குறிப்பிடுவார். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் பல பாஷைகள் அறிந்த அவர் இல்லாவிட்டால், நோயாளியின் வேதனை இன்னதென்று அந்தப் பண்டிதருக்கு விளங்கியிராது என்பதையும் மறக்கலாகாது.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. ஷ்வைட்ஸர் ஜெர்மன் பிரஜை. ஆகவே பிரெஞ்சுக்காருக்குச் சத்துரு. அந்த வனாந்தரத்தில் ஒரே வைத்தியராக இருந்தவரை வீட்டுக்குள் வைத்து, ஆப்பிரிக்கச் சிப்பாய்களைக் காவல் போட்டார்கள். அன்பின் மதத்தைப் போதிக்க வந்த வெள்ளையர் ஏன் ஒருவரையொருவர் கொல்கிறார்கள் என்பது அங்குள்ள ஜனங்களுக்கு விளங்கவில்லை. இரு கட்சியாரும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாகாதா, மாண்டவர்களுக்கெல்லாம் எப்படி ஈடு கொடுப்பார்கள் என்று வயோதிகர் ஒருவர் கேட்டாராம். ஐரோப்பிய மந்திரிகள் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி இது.

சில மாதங்களில் காவல் தளர்ந்து வைத்தியம் தொடர்ந்தது. ஒரு சமயம் கப்பல் ஒன்று கிராமத்து வாலிபர்களைச் சுமைதூக்கிகளாகக் காமெரூன் யுத்தகளத்துக்கு ஏற்றிச் சென்றது. மகனைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி ஆற்றங்கரையில் கல்லின் மேல் அமர்ந்து அழுதாள். அவள் கையைப் பற்றித் தேற்ற முயன்ற வைத்தியர், தாமும் கண்ணீர் விடுவதை உணர்ந்தார். மருந்தால் ஆற்ற முடியாத நோய் ஏகாதிபத்தியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1915 செப்டம்பரில், நோயாளி ஒருவரைப் பார்க்க ஒகோவே நதியில் மூன்று நாள் பிரயாணம் செய்கையில், நீர்யானைகளின் நடுவே படகு சென்ற ஒரு மாலைப்பொழுதில், உயிரிடத்துப் பக்தி என்ற தமது தத்துவம் அவருக்கு உதயமாயிற்று.

1917-ல் தம்பதிகள் கைதிகளாகப் பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டனர். முகாமில் அவர் மேஜையையே ஆர்கனாகப் பாவித்து விரல்களைப் பழக்கினார். 1918-ல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை. மறுவருஷம் அல்ஸேஸ் பிரான்ஸைச் சேர, அவரும் பிரெஞ்சுப் பிரஜையானார். எல்லைக் கோடு நகர்ந்ததும் சத்துரு மித்திரனானதை என்னென்பது! கடன்களைக் கச்சேரிகளாலும் உபந்நியாசங்களாலும் தீர்த்து, 1924-ல் லாம்பரேனேக்குத் திரும்பினார். கொட்டகைகளைக் காடு விழுங்கியிருந்தது. மறுபடி கட்டினார், பஞ்சமும் சீதபேதியும் ஒருங்கே வந்த பின், 1927-ல் ஆற்றின் மேற்புறத்தில் விசாலமான இடத்துக்கு ஆஸ்பத்திரியை மாற்றினார்.

இந்தியத் தத்துவங்களைப் பற்றி 1935-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். நம் தத்துவங்கள் உலகை மறுப்பன என்று அதில் அவர் கண்ட முடிவை டாக்டர் ராதாகிருஷ்ணன் மறுத்தெழுதினார். எனினும் அதே நூலில் அவர் திருக்குறளை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். இல்லறத்தையும் உலக வாழ்வையும் தழுவிய அறம் அதிலிருக்கக் கண்டார்.

1952-ம் வருஷத்துச் சமாதான நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பணம் குஷ்டரோகிகளின் கிராமத்துக்குப் பயன்பட்டது. 1957-ல் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டித்து ஆஸ்லோ வானொலி மூலம் உலகுக்கு விண்ணப்பம் விடுத்தார்.

இத்தகையவரிடமும் ஒரு குறை இருந்தது. அதை மூடிச் செல்வது நியாயமாகாது. வெள்ளையர் ஆப்பிரிக்காவுக்கு இழைத்த கொடுமைகளுக்குத் தம் சேவை ஒரு பிராயச்சித்தமே என்று அவர் எண்ணினார். அவ்வளவு தெளிந்தவர், ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்று ஒப்புக்கொண்டும், இளைய சகோதரர் என்றே கருதினார். தம்பி என்றைக்கு வயது வந்தவனாவான் என்பதைத் தமையனே தீர்மானிப்பதுதான் ஏகாதிபத்தியத்தின் வழக்கமான வாதம். நாமும் அதை நெடுங்காலம் கேட்டிருக்கிறோம். ஜோஸப் போன்றவர்களின் சாமர்த்தியத்தைக் கண்டிருந்தும், ஆப்பிரிக்கரை வைத்தியர்களாகப் பயிற்றுவதில் அவர் கருத்துச் செலுத்தவில்லை என்று கண்டித்தவர் உண்டு. ஆஸ்பத்திரியின் சுகாதாரக் குறைவையும் பலர் எடுத்துக்காட்டினர். 1960 ஆகஸ்ட் 17-ந் தேதி காபோன் சுதந்திரம் பெற்றது. ஆப்பிரிக்கர் தம்மைத் தாமே ஆளும் காலம் வந்துவிட்டதென அவர் நம்பவில்லை. ஆயினும் புதிய கொடியின் கீழும் அவர் வேலை நிற்கவில்லை, நோயாளிகளும் வராமலில்லை.

1965 செப்டம்பர் 4-ந் தேதி, 90-வது வயதில், அவர் லாம்பரேனேயிலேயே காலமானார். ஹெலேனேயின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்துக்கு அருகில், ஒகோவே நதியருகே அவரை அடக்கம் செய்தார்கள். 1981-ல் பழைய கட்டிடங்களுக்குப் பக்கத்தில் புதிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மலைஜுரத்துக்கான தடுப்பூசி 2009-ம் வருஷம் தொடங்கி ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பெரிய அளவில் பரிசோதிக்கப்பட்டபோது, ஏழு தேசங்களில் தேர்ந்த பதினோரு இடங்களில் லாம்பரேனேயும் ஒன்று. ஆப்பிரிக்க விஞ்ஞானிகளும் அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினர்.